20 கேஜ் வான்கோழித் தோட்டா எங்கேயாவது கிடைக்கிறதா? (மிசௌரி, 2021)

மார்ச் 6, 2021, காலை 9.40

அமெரிக்காவின் மிசௌரி மாநிலக் கொலம்பியா நகரிலிருந்து நூறு மைலுக்குள் 20 கேஜ் வான்கோழித் தோட்டா யார் கண்ணிலாவது பட்டதா? நாலு வாரமாக அலைகிறேன். மகளுக்கு 13 வயது. ஏப்ரல் 10, 11 இளையோருக்கான வான்கோழி வேட்டை வார இறுதிதான் அவளுக்கு முதல் வேட்டை. பக்கத்துப் பண்ணைப் பெரியவர் தன் பழைய 20 கேஜ் ஒற்றைக்குழலைத் தருகிறார். பெர்மிட் வாங்கியாயிற்று. தோட்டாதான் இல்லை. என்னிடம் 12 கேஜ் இருக்கிறது (கேஜ் எண் குறையக் குறையக் குழல் பெரிதாகும்), ஆனால் அதன் உதை அவள் தோளுக்கு அதிகம். முதல் வேட்டையிலேயே துப்பாக்கியைக் கண்டு முகம் சுளிக்கும்படி செய்துவிடக் கூடாது.

மார்ச் 6, இரவு 11.05

"கடையில் தோட்டா இருக்கிறதே, நேற்றுகூடப் பார்த்தேனே" என்று எழுதியவருக்கு: நீங்கள் பார்த்தது மானுக்கான ஸ்லக்காக இருக்கும். அது ஒரே ஈயக் கட்டி, ரவை என்கிற பொடிக் குண்டுகள் நிரப்பியது இல்லை. வான்கோழிக்கு அது ஆகாது. மிசௌரியில் 4-ஆம் நம்பர் ரவையைவிடப் பெரியது எதையும் போடக் கூடாது என்பது சட்டம். நம்பர் ஏற ஏற ரவை சின்னதாகும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு வேண்டியது 4, 5, 6. இன்று ஏறி இறங்கிய மூன்று கடைகளிலும் அந்த அலமாரிகளில் விலைச்சீட்டு மட்டும் ஒட்டியிருந்தது.

மார்ச் 9, காலை 7.15

வாத்துத் தோட்டா மிச்சம் இருக்கிறது, அது போதாதா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

வாத்துக்கு ஈயம் தடை என்பதால் அந்தத் தோட்டாக்களில் பெரும்பாலும் உருக்கு ரவைதான். ஈயம் கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், உருக்கு 7.8 கிராம். ஒரே பருமனில் இரண்டும் புறப்பட்டால் உருக்குக்கு வேகம் சீக்கிரம் தணிந்துவிடும். வான்கோழிக்குக் குறி தலையும் கழுத்தும். ரவை அங்கே எலும்பை உடைக்க வேண்டும். மார்பில் சுட்டால் பறவை காயத்தோடு ஓடிப் புதருக்குள் செத்துக் கிடக்கும், உங்கள் கைக்கும் வராது. உருக்கு ரவை வைத்து 25 கஜத்துக்குள் சுட்டு எடுத்தவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரியவர் தரும் துப்பாக்கி பழையது. குழல் நுனியில் ரவை சிதறாமல் குறுக்கும் சோக், கழற்ற முடியாத ஃபுல், அதாவது மிக நெருக்கமானது. உருக்கு நசுங்காது. அந்த நெருக்கமான வாய்க்குள் அதைத் தள்ளினால் குழல் வீங்கும். அடுத்தவர் பொருளில் அந்தச் சோதனை வேண்டாம்.

டிஎஸ்எஸ் என்கிற டங்ஸ்டன் ரவை இதற்கு நேர் எதிர். அடர்த்தி 18. அதனால் 9-ஆம் நம்பர் பொடி ரவையே கழுத்தெலும்பை உடைக்கும். ஒரு அவுன்ஸில் 362 ரவை. ஈயத்தில் 6-ஆம் நம்பர் என்றால் அவுன்ஸுக்கு ஏறக்குறைய 225-தான். டிஎஸ்எஸ் வந்த பிறகுதான் சின்னத் துப்பாக்கிகளையும் வான்கோழிக்கு மதித்துத் தூக்க ஆரம்பித்தார்கள். நானும் அதைத்தான் தேடுகிறேன்.

மார்ச் 13, மாலை 6.30

கிடைத்தது என்று எழுத வேண்டிய நாள் இது. பிப்ரவரி கடைசியில் இணையத்தில் ஒரு கடையில் ஐந்து டிஎஸ்எஸ் தோட்டா 64 டாலருக்குப் போட்டிருந்தார்கள். வாங்கினேன், உறுதிச் சீட்டும் வந்தது. இன்று மதியம் "சரக்கு இல்லை, பணம் திரும்ப வரும்" என்று ஒற்றை வரி. இரண்டு வாரம் அதை நம்பி இணையத்தில் வேறெங்கும் தேடாமல் இருந்துவிட்டேன். அதே ஐந்து தோட்டாவை வேறொருவர் 90 டாலர் சொல்கிறார். மகளிடம் விலையைச் சொன்னேன். "ஒரு தடவை சுட 18 டாலரா அப்பா, தப்பாப் போயிட்டா?" என்று கேட்டாள். சுடுவதற்கு முன்பே தப்பைப் பற்றிய பயம் வந்துவிட்டது. அந்த விலையில் வாங்கப் போவதில்லை.

மார்ச் 14, காலை 10.20

ஏன் இந்தப் பஞ்சம் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்தவரை: போன ஜூலையில் ரெமிங்டன் திவால் மனு போட்டது. ஆர்க்கன்ஸாவில் லோனோக் ஊரில் இருக்கும் அவர்களுடைய தோட்டாத் தொழிற்சாலையை விஸ்டா நிறுவனம் 8.14 கோடி டாலருக்கு வாங்கியது. கொரோனாவில் தொழிற்சாலைகள் படுத்துவிட்டன. அதனால்தான் சரக்கு வரவில்லை.

மார்ச் 15, இரவு 9.50

நேற்று எழுதியதில் கடைசி இரண்டு வரி தப்பு. திருத்துகிறேன்.

தொழிற்சாலைகள் படுத்ததால் வந்த பஞ்சம் இல்லை இது. வாங்குபவர்கள் பெருகியதால் வந்தது. 2020-இல் துப்பாக்கி வாங்குவதற்கான மத்தியப் பின்னணிச் சோதனைகள் கிட்டத்தட்ட 4 கோடி. அதுவரை இல்லாத உச்சம். (ஒரு சோதனை என்றால் ஒரு விற்பனை என்று கணக்கில்லை, அதையும் மனதில் வையுங்கள்.) அந்த ஆண்டில் முதன்முதலாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் 84 லட்சம் பேர் என்று துப்பாக்கித் தொழில் சங்கத்தின் கணக்கு. ஆளுக்கு இரண்டே பெட்டி தோட்டா வாங்கினாலும் 1 கோடியே 68 லட்சம் பெட்டி. அது புதிதாக வந்தவர்கள் வாங்கியது மட்டும். பழைய ஆட்கள் பயந்துபோய் வீட்டில் அடுக்கியது தனி.

இன்னொன்று பிரைமர். தோட்டாவின் பித்தளை அடியில் நடுவில் பதிந்திருக்கும் பொத்தான், ஊசி குத்தியதும் பொறி கிளப்புவது அதுதான். இந்த நாட்டில் பெரிய அளவில் அதைச் செய்வது ஃபெடரல், சிசிஐ, வின்செஸ்டர், ரெமிங்டன் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். ஆபத்தான வேலை, பழகிய கைகள் வேண்டும், நினைத்த மாத்திரத்தில் பெருக்க முடியாது. வான்கோழித் தோட்டா வருஷத்தில் இரண்டு மாதம் விற்கிற சரக்கு. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு ஊரே வரிசையில் நிற்கும்போது நமக்கு முறை கடைசியில்தானே வரும்.

மார்ச் 20, மாலை 4.10

கிடைத்துவிட்டது. 20 கேஜ், 5-ஆம் நம்பர், 3 இன்ச், பத்துத் தோட்டா கொண்ட பெட்டி 22 டாலர். இரண்டு பெட்டி வாங்கினேன்.

இடம்: விவசாயச் சாமான் கடை, கோழித் தீவனத்துக்குப் பக்கத்து அலமாரி. எல்லோரும் பெரிய விளையாட்டுச் சாமான் கடைகளையே முற்றுகையிடுகிறோம். கிராமத்து இரும்புக் கடை, தீவனக் கடை, தூண்டில் இரை விற்கும் கடை, இங்கெல்லாம் ஏறிப் பாருங்கள். போன் செய்தால் "இல்லை" என்றுதான் வரும். சரக்கு வண்டி எந்தக் கிழமை வருகிறது என்று கேட்டு வைத்துக்கொண்டு அன்று காலையில் நேரில் போனால் வேலை நடக்கும்.

மார்ச் 20, இரவு 11.40

தூக்கம் வரவில்லை. மாலையில் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். அலமாரியில் இருந்ததே இரண்டு பெட்டிதான். எனக்குப் பின்னால் ஒருவர் பத்துப் பதினொரு வயதுப் பையனோடு நின்றிருந்தார். பையன் அலமாரியைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆளுக்கு இரண்டு வரை கொடுப்போம் என்று கடையில் எழுதியிருந்தது, நானும் இரண்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு சீசனுக்கு அதிகபட்சம் இரண்டு பறவை. எனக்கு இருபது தோட்டா எதற்கு?

மார்ச் 21, மதியம் 1.25

எல்லோரும் இதைப் படியுங்கள். முக்கியம்.

காலையில் பெரியவர் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். நான் பெட்டியை நீட்டினேன். அவர் தோட்டாவைத் தொடவில்லை. குழலை மடித்துத் திறந்து, தோட்டா உட்காரும் அறைக்குப் பக்கத்தில் இரும்பில் குத்தியிருந்த எழுத்தைக் கட்டைவிரலால் துடைத்துக் காட்டினார். எண்ணெய்க் கறைக்கு அடியில் 20 கேஜ், 2¾ இன்ச் என்று இருந்தது.

நான் வாங்கியது 3 இன்ச். இருபது தோட்டாவும் இந்தத் துப்பாக்கிக்கு ஆகாது.

கேஜ் மட்டும் பார்த்துவிட்டு நீளத்தைப் பார்க்காமல் விட்டது என் தப்பு. இன்றைய 20 கேஜ் துப்பாக்கிகளில் பெரும்பாலும் 3 இன்ச் அறைதான், அதனால் எண்ணம் அந்தப் பக்கமே போகவில்லை.

மார்ச் 23, காலை 6.50

"போட்டுப் பார்த்தீர்களா, உள்ளே போனால் சுடலாமே?" என்று கேட்டவருக்கு. உள்ளே போகும். அதுதான் ஆபத்தே.

தோட்டாவின் மேல் போட்டிருக்கும் நீளம் சுட்ட பிறகு வாய் விரிந்து நிற்கும் நீளம். சுடாத தோட்டாவின் வாய் உள்ளே மடிந்திருப்பதால் 3 இன்ச் தோட்டா 2¾ இன்ச் அறைக்குள் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும், குழலும் மூடும். சுட்டதும் அந்த மடிப்பு விரிய இடமில்லை. அறை முடிந்து குழல் குறுகும் கழுத்தில் போய் அடைக்கும், ரவை அதைப் பிதுக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும், அழுத்தம் எகிறும். பழைய இரும்பு. பின்னால் என் மகளின் முகம்.

இதோடு இன்னொன்று. வீட்டில் 12-உம் 20-உம் சேர்ந்து இருந்தால் ஒரே பைக்குள் போடாதீர்கள். 20 தோட்டா 12 குழலுக்குள் நழுவி நடுவில் சிக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் அறை காலி. மேலே ஒரு 12 போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டா மஞ்சளாக இருப்பது இதற்காகத்தான். தேனிப் பக்கம் எங்கள் தாத்தாவிடம் லைசென்ஸ் போட்ட 12 போர் துப்பாக்கி ஒன்று இருந்தது. தோட்டாவை அவர் கையால் தவிர யார் கையாலும் எடுக்க விடமாட்டார். அப்போது கோபமாக வந்தது. இப்போது புரிகிறது.

மார்ச் 23, இரவு 8.15

கடையில் திருப்பிக் கொடுக்கப் போனேன். தோட்டாவைத் திரும்ப வாங்க மாட்டார்களாம். அவர்கள் சொல்வதும் சரிதான். கல்லாவில் இருந்த அம்மாவிடம் பையனோடு வந்தவரின் அடையாளம் சொல்லி, மறுபடி வந்தால் கொடுங்கள் என்று என் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 27, மாலை 5.45

பெரியவர் தன் கொட்டகையில் தேடி ஒரு பெட்டி எடுத்துக் கொடுத்தார். 2¾ இன்ச், ஒரு அவுன்ஸ், 6-ஆம் நம்பர் ஈயம், 19 தோட்டா. வான்கோழிக்கு என்று செய்தது இல்லை, சின்னப் பறவைக்கும் முயலுக்கும் போடுவது. பெட்டி ஓரம் எலி கொறித்திருந்தது, தோட்டாவில் துருவில்லை, வீக்கமில்லை. வான்கோழித் தோட்டா என்று தனியாக விற்பதற்கு முன்பு இதைத்தான் போட்டோம் என்றார்.

இன்று காகிதம் கட்டிச் சுட்டுப் பார்த்தேன். பத்து இன்ச் வட்டம் வரைந்து அதற்குள் விழுந்த ஓட்டைகளைப் பென்சிலால் குறித்துக் குறித்து எண்ணினோம். நான் எண்ண, மகள் எழுதினாள்.

20 கஜம்: 94
25 கஜம்: 66
30 கஜம்: 47
40 கஜம்: 27

வட்டத்துக்குள் நூறு விழும் தூரம்தான் எல்லை என்பது இங்கே வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 40 கஜத்துக் காகிதத்தில் வான்கோழித் தலையை வரைந்து வைத்துப் பார்த்தாள். கழுத்தில் ஒரு ரவை, தலையில் ஒன்றுமே இல்லை. "இது பொழைச்சு ஓடியிருக்கும்ல?" என்றாள். ஓடியிருக்கும், நாலு நாள் கழித்துச் செத்திருக்கும் என்றேன். மறைக்கத் தோன்றவில்லை.

முடிவு: எல்லை 25 கஜம்.

மார்ச் 28, காலை 8.00

இல்லை, 20. ராத்திரி யோசித்தேன். 25 என்று நேற்று எழுதும்போதே அது எண்ணிக்கையைப் பார்த்து எழுதியதில்லை, என் ஆசையைப் பார்த்து எழுதியது. 66-க்கும் 94-க்கும் நடுவில் இருப்பது பறவையின் வேதனை. அவளிடமும் சொல்லிவிட்டேன். மறுபடி 20 கஜத்தில் ஒன்று சுட்டேன், 91. நூறு இல்லை, ஆனால் கிட்டத்தில். போதும். அவள் இரண்டு சுட்டாள், இரண்டும் கழுத்தில். மீதி 12.

மார்ச் 31, இரவு 10.30

பொம்பளைப் பிள்ளையிடம் போய்க் கொலையைக் கற்றுக்கொடுக்கிறீர்களே என்று ஒரு அக்கா வருத்தமாக எழுதியிருந்தார். கோபமில்லை. வீட்டில் மனைவியும் முதலில் இதைத்தான் கேட்டார்.

அக்கா, நாங்கள் கறி சாப்பிடுகிற குடும்பம். வாரா வாரம் பிளாஸ்டிக் தாளில் சுற்றி வருகிற கோழிக்கும் ஒரு சாவு இருந்தது, அதை யாரோ நமக்குப் பதிலாகப் பார்த்துவிட்டார்கள். ஒன்றையாவது அவள் நேரில் பார்த்து, தொட்டு, சுத்தம் செய்து சாப்பிடட்டும் என்று நினைத்தேன். வேண்டாம் என்றால் அவளும் நிறுத்திக்கொள்ளலாம்.

1950-களின் தொடக்கத்தில் மிசௌரி முழுக்கத் தேடினாலும் காட்டு வான்கோழி 2,500-க்கும் குறைவு. காட்டை அழித்ததும் கணக்கில்லாமல் சுட்டதும் காரணம். 1954-இலிருந்து உயிரோடு பிடித்து, இல்லாத மாவட்டங்களில் கொண்டுபோய் விட்டார்கள். 1960-இல்தான் மறுபடி சீசன், அதுவும் மூன்றே நாள். நீள்துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி 11 விழுக்காடு வரி, அது மாநிலங்களின் வனவுயிர்ப் பணிக்குப் போகிறது. நான் தப்பாக வாங்கிய இரண்டு பெட்டியிலும் அந்தப் பங்கு உண்டு.

ஏப்ரல் 3, மதியம் 12.20

அந்த அப்பா போன் செய்தார். துப்பாக்கிக் குழலில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் முதலில் கேட்டேன். போய்ப் படித்துவிட்டு வந்து "3 இன்ச்" என்றார். ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டேன். இரண்டையும் நீட்டினேன், ஒன்று போதும், இன்னும் தேடுகிறவர்கள் இருப்பார்கள் என்று சொல்லிவிட்டார். பையன் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினான்.

ஏப்ரல் 10, மாலை 3.00

விடியுமுன் ஐந்தரைக்கே ஓக் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டோம். பெட்டை வான்கோழி பொம்மையிலிருந்து எங்கள் பக்கமாக 20 கஜம் அளந்து குச்சி நட்டிருந்தேன். (ஆணை ஈர்க்க வைக்கும் போலிப் பறவை இது. இப்படி வேட்டைக்குப் பழக்கி வைக்கும் உயிருள்ள விலங்குக்குப் பழைய தமிழில் பார்வை என்று பெயர்.) ஆறரைக்கு ஒரு ஆண், மரத்திலிருந்தே கூவியது. இறங்கி வந்தது. தோகை விரித்து, தலை வெள்ளையும் நீலமுமாக, குச்சிக்கு அந்தப் பக்கம் 30, 35 கஜத்தில் இருபது நிமிஷம் நடந்தது. என் 12 கேஜாக இருந்தால் முடிந்திருக்கும். மகளின் விரல் விசைக்கு வெளியிலேயே நீட்டியபடி இருந்தது. கை நடுங்கியது. பறவை திரும்பிப் போய்விட்டது. "தூரம் அப்பா" என்று மட்டும் சொன்னாள்.

ஏப்ரல் 11, இரவு 7.30

மழை. ஒன்றும் கூவவில்லை.

ஏப்ரல் 24, மதியம் 2.40

இன்று காலை 7.10. 17 கஜம். ஒரே தோட்டா, விழுந்த இடத்திலேயே அடங்கியது. அவள் அழுதாள், கொஞ்ச நேரம் சிறகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், பிறகு அவளே தூக்கிக்கொண்டு நடந்தாள். சுட்டதை அரசுக்குத் தெரிவிக்கும் பதிவையும் போனில் அவளே செய்தாள். சுட்ட தோட்டாவின் கூட்டைப் பெரியவரிடம் கொடுத்தோம். மோந்து பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஏப்ரல் 25, இரவு 9.10

சமையல் கேட்டவர்களுக்கு: மார்புக்கறி சீக்கிரம் வெந்துவிடும், அதைச் சின்ன வெங்காயமும் வரமிளகாயும் போட்டு உப்புக்கறி. காலில் நரம்பு அதிகம், குக்கரில் எட்டு விசில் விட்ட பிறகும் கால் மணி நேரம் சிம்மில் வைத்தேன், குழம்புக்கு அருமை. கழுத்துப் பக்கம் ரவை பட்ட சதையை வெட்டித் தூரப் போடுங்கள். ஈயம் போன வழியில் இறகும் உள்ளே போயிருக்கும், விரலால் தடவித் தேடுங்கள்.

ஏப்ரல் 30, காலை 7.00

சீசன் மே 9 வரை. பெரியவரின் 11 தோட்டாவை அவருக்கே திருப்பிக் கொடுத்தாயிற்று. என்னிடம் இன்னும் ஒரு பெட்டி இருக்கிறது: 20 கேஜ், 3 இன்ச், 5-ஆம் நம்பர், பத்துத் தோட்டா, பிரிக்காதது. கொலம்பியா, ஜெஃபர்சன் சிட்டி பக்கம் முதல் வேட்டைக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகிறவர் யாராவது இருந்தால் தனிமடல் அனுப்புங்கள். பணம் வேண்டாம். குழலில் என்ன நீளம் குத்தியிருக்கிறது என்று படம் எடுத்து அனுப்புங்கள், அது போதும்.